குச்சிக்கிழங்கும் கொட்டமுத்தும் புற்றுநோய் மருந்தும்

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் வழியில் வாழப்பாடியைத் தாண்டினால் ஏத்தாப்பூர். அங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இரண்டு பயிர்களையும் ஒரே வேலிக்குள் வைத்ததில் ஆச்சரியமில்லை. சேலம், நாமக்கல் மேட்டுக்காடுகளில் காலங்காலமாக விளைபவை இவை. தாவரவியலிலும் உறவுக்காரர்கள்தான், யூபோர்பியேசி குடும்பம். உள்ளூர்க்காரர்கள் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்பார்கள், ஆமணக்கு விதையைக் கொட்டமுத்து என்பார்கள். ஒன்றிலிருந்து ஜவ்வரிசி வருகிறது, மற்றதிலிருந்து விளக்கெண்ணெய்.

இந்த இரண்டும் சந்தித்துக்கொள்ளும் இன்னொரு இடம் புற்றுநோய் மருந்தியல். கொட்டமுத்து எண்ணெயின் வழித்தோன்றல் ஒன்று, உலகில் மிக அதிகமாகப் பயன்படும் புற்றுநோய் மருந்துகளில் ஒன்றைப் பல பத்தாண்டுகளாக நோயாளிகளின் ரத்தத்துக்குள் சுமந்து சென்றுகொண்டிருக்கிறது. அந்தச் சுமை தூக்கும் வேலைக்கு நல்ல மாற்று தேடும் ஆய்வுகளில் குச்சிக்கிழங்கு மாவும் ஒரு வேட்பாளர். அந்த ஆய்வுகளில் ஒன்று சேலத்திலேயே நடந்திருக்கிறது.

முதலில் கொட்டமுத்தின் கதை. 1962-ல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆர்தர் பார்க்லே பசிபிக் கடலோரக் காடுகளில் யூ மரப்பட்டையைச் சேகரித்தார். அதிலிருந்த வேதிப்பொருளின் அமைப்பை மன்சுக் வானி, மன்ரோ வால் ஆகியோர் 1971-ல் வெளியிட்டார்கள். அதுதான் பாக்ளிடாக்சல். செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்குழல்கள் உண்டு. வேலை முடிந்ததும் அவை கலைய வேண்டும். பாக்ளிடாக்சல் அவற்றைக் கலையவிடாமல் இறுக்கிவிடுகிறது, செல் பாதிப் பிரிவில் மாட்டிக்கொண்டு சாகிறது. 1979-ல் சூசன் ஹார்விட்ஸ் இதைக் கண்டுசொன்ன பிறகுதான் மருந்துக்கு மதிப்பு வந்தது. ஆனாலும் 1992 வரை அது சந்தைக்கு வரவில்லை. பட்டைக்குப் பஞ்சம் இருந்தது ஒரு காரணம். இன்னொன்று, அந்தப் பொருள் தண்ணீரில் கரையாது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் அளவுகூடக் கரைய மறுக்கும் ஒன்றை ரத்தக்குழாயில் எப்படிச் செலுத்துவது?

அப்போது கைக்குக் கிடைத்ததுதான் விளக்கெண்ணெய். விளக்கெண்ணெயோடு எத்திலீன் ஆக்சைடைச் சேர்த்து வினைபுரியச் செய்தால் நீண்ட பாலிஎத்திலீன் கிளைக்கால் வால்கள் முளைக்கும். எண்ணெய்ப் பகுதி கொழுப்பை விரும்பும், வால் தண்ணீரை விரும்பும். கிரீமோபோர் என்று பெயர். தண்ணீரில் விட்டால் எண்ணெய்ப் பகுதிகள் உள்ளே திரும்பி, வால்கள் வெளியே நீட்டி, சிறு உருண்டைகளாகக் கூடிக்கொள்ளும். தண்ணீருக்கு அஞ்சும் பாக்ளிடாக்சல் அந்த உருண்டைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். வேதியியலில் இந்த உருண்டைக்கு மைசெல் என்று பெயர். நானோ என்ற சொல் நாகரிகமாவதற்கு வெகு காலத்துக்கு முன்பே, தாங்கள் செய்வது இன்னதென்று பெரிதாகப் பேசிக்கொள்ளாமல், மருந்தியலாளர்கள் ஒரு நானோ சுமப்பியைச் செய்துவிட்டார்கள் என்றே நான் இதைப் பார்க்கிறேன்.

விலை கொடுக்க வேண்டியிருந்தது. 6 மில்லிகிராம் பாக்ளிடாக்சலைக் கரைக்க 527 மில்லிகிராம் கிரீமோபோர் தேவை, போதாக்குறைக்கு ஆல்கஹாலும். சுமார் 60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு வழக்கமான அளவான சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராம் கணக்கில் மருந்து ஏற்றினால், கால் கிராமைச் சற்றே தாண்டும் மருந்தோடு ஏறத்தாழ 25 கிராம் விளக்கெண்ணெய் வழித்தோன்றல் அவர் ரத்தத்தில் இறங்குகிறது. சிலருக்கு உடனே மூச்சுத்திணறல், ரத்த அழுத்தச் சரிவு, உடலெங்கும் தடிப்பு. ஆரம்பக்கட்டச் சோதனைகள் இந்த ஒவ்வாமையால் நின்றுபோகும் நிலைக்கு வந்தன. அதனால்தான் இன்றும் பாக்ளிடாக்சல் ஏற்றுவதற்கு முன் ஸ்டீராய்டும் ஒவ்வாமைத் தடுப்பு மருந்தும் கொடுத்துவிட்டு, சொட்டுச்சொட்டாக மூன்று மணி நேரம் இறக்குகிறார்கள். சாதாரண பி.வி.சி. குழாயிலும் ஏற்றக் கூடாது. கிரீமோபோர் அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து மென்மையாக்கிகளைக் கரைத்து எடுத்துக்கொண்டு வந்துவிடும்.

கீமோ ஏற்றிக்கொள்ளும் வார்டில் படுத்திருப்பவருக்கு, தன்னைப் படுத்துவது மருந்து என்றுதான் தோன்றும். பாதி நேரம் அது மருந்தைச் சுமந்து வந்த வண்டியின் வேலை.

மாற்றுச் சுமப்பிகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆப்ராக்சேன், பாக்ளிடாக்சலை மனித ரத்தப் புரதமான ஆல்புமினோடு சேர்த்து 130 நானோமீட்டர் துகள்களாக்கியது. கிரீமோபோர் கிடையாது, அரை மணி நேரத்தில் ஏற்றிவிடலாம், சதுர மீட்டருக்கு 260 மில்லிகிராம் வரை கொடுக்கலாம். முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில் இதைச் சொன்னால் கட்டாயம் ஒருவர் கேட்பார், வெள்ளைக்கரு ஆல்புமினா என்று. இல்லை. கோழிமுட்டைப் புரதத்தை நேராக ரத்தத்தில் ஏற்றினால் உடல் அதை அந்நியன் என்று தாக்கும். 2007-ல் தென்கொரியா அனுமதித்த ஜெனெக்சால்-பி.எம். முழுக்கவே செயற்கைப் பாலிமர் மைசெல். பாலிஎத்திலீன் கிளைக்காலும் பாலிலாக்டிக் அமிலமும் ஒரே சங்கிலியின் இரு முனைகள். டெல்லி பல்கலைக்கழகத்தில் அமர்நாத் மைத்ராவின் ஆய்வுக்கூடத்தில் உருவான நுட்பத்தை டாபர் நிறுவனம் வளர்த்தெடுத்து, நானாக்செல் என்ற பெயரில் அதே காலகட்டத்தில் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பாலிமர் நானோ மருந்தில் இந்தியா பின்தங்கி நிற்கவில்லை என்பதற்கு இது சான்று. பத்திரிகைகளில் இதற்குக் கிடைத்த கவனம் மிகக் குறைவு என்பது என் ஆதங்கம்.

இப்போது குச்சிக்கிழங்குக்கு வருவோம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1943 வாக்கில், சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் இங்கே ஜவ்வரிசித் தொழிலைத் தொடங்கிவைத்தார்கள். ராசிபுரம், ஆத்தூர், நாமக்கல் பக்கம் சேகோ ஆலைகள் பெருகின. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆலைவாசலில் கிழங்கின் விலையைத் தீர்மானிப்பது ஸ்டார்ச் பாயிண்ட், அதாவது கிழங்கில் எத்தனை சதவீதம் மாவுச்சத்து என்ற கணக்கு. அந்தப் பாயிண்ட் இரண்டு குறைந்தால் விவசாயிக்கு டன்னுக்கு எவ்வளவு அடி விழும் என்று இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்த மாவுச்சத்து வேதியியல்படி ஒரு பாலிமர். குளுக்கோஸ் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோர்த்த சங்கிலி. கிளையில்லாத அமைலோஸ் கொஞ்சம், கிளைவிட்ட அமைலோபெக்டின் நிறைய. ஒவ்வொரு குளுக்கோஸ் அலகிலும் வேதிவினைக்குத் தயாராக ஹைட்ராக்சில் தொகுதிகள் நிற்கின்றன. அவற்றில் நமக்கு வேண்டியதை ஒட்டலாம். விலை மலிவு. உடலுக்குப் பழக்கமானது. ரத்தத்திலுள்ள அமைலேஸ் நொதி அதை வெட்டிச் சர்க்கரையாக்கிவிடும், பிளாஸ்டிக் போலத் தங்கிக் கிடக்காது.

சேலம் பெரியார் பல்கலைக்கழக வேதியியல் துறையில் வி. ராஜ், ஜி. பிரபா இருவரும் செய்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில்தான் வருகிறது. மரவள்ளி மாவுச்சத்தை அசிட்டேட் ஆக்கி, அதோடு பாலிஎத்திலீன் கிளைக்காலும் ஜெலட்டினும் சேர்த்து, சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றிய நானோ கலவை அது. ஒவ்வொரு சேர்மானத்துக்கும் ஒரு காரணம் உண்டு. வெறும் மாவுச்சத்து தண்ணீரில் உப்பிக் குழையும், அமைலேஸ் அதைச் சீக்கிரம் தின்றும்விடும். அசிட்டேட் ஒட்டினால் தண்ணீரைத் தள்ளும் குணம் வரும், துகள் கட்டாக நிற்கும். பாலிஎத்திலீன் கிளைக்கால் ஒரு நீர்ப்போர்வை. ரத்தப் புரதங்கள் துகளின் மேல் படிந்து, இதோ அந்நியப் பொருள் என்று காட்டிக்கொடுப்பதை அது தாமதப்படுத்தும். ஜெலட்டினின் அமினோ, கார்பாக்சில் தொகுதிகள் மருந்தைப் பிடித்துக்கொள்ள உதவும்.

மருந்தாக சிஸ்பிளாட்டினை எடுத்ததும் பொருத்தம். 1965-ல் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பெர்க், பாக்டீரியாக்களின் மேல் மின்புலத்தின் விளைவைப் பார்க்கப் போய், பிளாட்டின மின்முனையிலிருந்து கரைந்த சேர்மம் அவற்றைப் பிரியவிடாமல் தடுப்பதைத் தற்செயலாகக் கண்டார். 1978-ல் அது மருந்தானது. டி.என்.ஏ. இழையில் குறுக்கே பூட்டுப் போடும் மருந்து. தமிழ்நாட்டில் அதிகம் காணும் வாய்ப்புற்றுக்கும் கருப்பைவாய்ப் புற்றுக்கும் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான். பாக்ளிடாக்சலின் சிக்கல் இதற்கு இல்லை, ஊசிக்குத் தேவையான அளவுக்குக் கரையும். இதன் சிக்கல் சிறுநீரகம். சின்ன மூலக்கூறு என்பதால் எங்கும் நுழைகிறது, சிறுநீரகக் குழல்களில் சேர்கிறது, கேட்கும் திறனையும் நரம்புகளையும் பதம்பார்க்கிறது. லிட்டர் கணக்கில் சலைன் ஏற்றித்தான் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறார்கள். இதை ஒரு பெரிய துகளுக்குள் அடைத்துவிட்டால் சிறுநீரகத்துக்குள் அத்தனை எளிதாக நுழைய முடியாது.

பெரிய துகள் என்றால் எவ்வளவு பெரியது? ஒரு ஜவ்வரிசி மணி இரண்டு மில்லிமீட்டர் என்று வையுங்கள். அதற்குள் இருக்கும் மரவள்ளி மாவுத் துணுக்கு ஒவ்வொன்றும் 5 முதல் 35 மைக்ரான். உடலின் மிகச் சிறிய ரத்தக்குழாயின் அகலம் ஐந்தாறு மைக்ரான்தான். ஆகவே மாவை அப்படியே ரத்தத்தில் விட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். நானோ சுமப்பி 100 நானோமீட்டர் அளவில் இருக்க வேண்டும், ஜவ்வரிசி மணியின் குறுக்களவில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. ஐந்தாறு நானோமீட்டருக்குக் கீழே போனால் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளிவிடும். 200-ஐத் தாண்டினால் மண்ணீரல் பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிழைப்பு.

சரி, இந்த அளவுத் துகள் புற்றுக்கட்டிக்குள் மட்டும் ஏன் சேர வேண்டும்? 1986-ல் ஜப்பானின் குமமோத்தோ பல்கலைக்கழகத்தில் யசுஹிரோ மட்சுமுராவும் ஹிரோஷி மயேதாவும் ஒரு விளக்கம் தந்தார்கள். அவசர அவசரமாக வளரும் கட்டி, ரத்தக்குழாய்களையும் அவசரமாகவே வளர்க்கிறது. குழாய்ச் சுவரில் இடைவெளிகள் விழுகின்றன. பெரிய மூலக்கூறுகள் அங்கே கசிந்து வெளியேறும். கட்டிக்குள் நிணநீர் வடிகாலும் சரியாக இருக்காது, கசிந்தது அங்கேயே தங்கும். நல்ல திசுக்களில் இந்தக் கசிவு இல்லை. சுண்டெலிகளில் சாயமேற்றிய ஆல்புமினை விட்டுப் பார்த்தபோது கட்டி நீலமானது. மயேதா குழுவின் ஸ்மாங்க்ஸ் என்ற பாலிமர் மருந்து 1993-ல் ஜப்பானில் கல்லீரல் புற்றுக்கு அனுமதி பெற்றது. அதன் பிறகு முப்பது ஆண்டுகள் நானோ மருந்து பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கருத்தின் மேல் நின்றன.

நானோ துகளைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக அதை ஓர் ஏவுகணை ஆக்கிவிடுவார்கள், நேராக இலக்கைத் தேடிப்போய்த் தாக்குமாம். நம் ஊர் உவமை வேண்டுமென்றால் நாமக்கல் லாரியைச் சொல்லலாம், ஆனால் டிரைவர் இல்லாத, ஊர்ப்பெயர் எழுதாத லாரி. ரத்தம் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். கட்டி வழியில் வந்தால் சில துகள்கள் இறங்கும், அவ்வளவுதான். துகளின் மேல் ஆன்டிபாடியோ ஃபோலிக் அமிலமோ ஒட்டி முகவரி எழுதினாலும், அந்த முகவரி கட்டியின் வாசலுக்கு வந்த பிறகுதான் உதவும். வாசல்வரை வழிகாட்டாது.

எத்தனை துகள்கள் இறங்குகின்றன என்று கணக்குப் பார்த்தார் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் வாரன் சான். பத்தாண்டுகளில் வெளியான ஆய்வுகளைத் தொகுத்து அவர் குழு 2016-ல் வெளியிட்ட இடைநிலை அளவு 0.7 சதவீதம். ஊசியில் ஏற்றிய நூறு பங்கில் ஒரு பங்குகூடக் கட்டியை அடையவில்லை. அதுவும் எலிகளில், எலியின் உடலோடு ஒப்பிட்டால் மிகப் பெரிதாக வளர்த்த கட்டிகளில். மீதியில் பெரும்பங்கைக் கல்லீரலின் குப்ஃபர் செல்கள் விழுங்குகின்றன. 2020-ல் அதே குழு இன்னொரு குண்டைப் போட்டது. கட்டியின் குழாய்ச் சுவரில் இடைவெளிகள் மிக அரிது, உள்ளே போகும் துகள்களில் 97 சதவீதம் வரை சுவர்ச் செல்களே விழுங்கி மறுபுறம் கொண்டுபோய் விடுகின்றன என்றது. எந்த ஓட்டையை நம்பி முப்பது ஆண்டுகள் துகள் செய்தார்களோ, அதன் பங்கே சந்தேகத்துக்குள்ளானது. இந்தத் துறையில் கோபமான பதில்களும் வந்தன, விவாதம் இன்னும் தீரவில்லை. மனிதக் கட்டிகள் ஆளுக்கு ஆள், ஒரே ஆளுக்குள் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன என்பதை மட்டும் இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறார்கள். முகவரி எழுதிய பாலிமர் துகள்களில் பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட பைண்ட்-014-ஐ உருவாக்கிய அமெரிக்க நிறுவனம் 2016-ல் திவாலானது. சிஸ்பிளாட்டினைப் பாலிமர் மைசெல்லில் அடைக்கும் ஜப்பானிய முயற்சி பல ஆண்டுகள் மனிதச் சோதனையில் இருந்தும் பொதுப் பயன்பாட்டுக்கு வந்து சேரவில்லை.

அப்படியானால் சந்தைக்கு வந்த நானோ மருந்துகள் எதில் வென்றன? பெரும்பாலும் கட்டியைக் கூடுதலாகக் கொன்றதில் அல்ல, உடலைக் குறைவாகப் படுத்தியதில். 1995-ல் வந்த டாக்சில், கொழுப்பு உருண்டைக்குள் டாக்ஸோரூபிசினை அடைத்து மேலே பாலிஎத்திலீன் கிளைக்கால் போர்த்தியது. இதயத்துக்கு வரும் சேதம் அதனால் வெகுவாகக் குறைந்தது. பாக்ளிடாக்சலின் புதிய வடிவங்கள் கிரீமோபோரை ஒழித்தன. ஏவுகணைக் கதையோடு ஒப்பிட்டால் இது சின்ன வெற்றியாகத் தெரியலாம். ஆறு சுற்று கீமோவில் நான்காவதோடு நிறுத்திக்கொண்டு வீடு திரும்பும் நோயாளிகளைப் பார்த்தவர்களுக்குச் சின்னதாகத் தெரியாது. சிகிச்சையை முடிக்க முடிவதே பல நேரம் பிழைப்பதற்கும் பிழைக்காததற்கும் உள்ள வித்தியாசம்.

பெரியார் பல்கலைக்கழக ஆய்வையும் இந்த அளவுகோலால்தான் எடைபோட வேண்டும். சோதனைக்குழாய் அளவில் நடந்த வேலை அது. துகள் உருவாகிறதா, மருந்து ஏறுகிறதா, எவ்வளவு மெதுவாக வெளியேறுகிறது என்று பார்த்திருக்கிறார்கள். இத்தகைய சோதனைகளில் பொதுவாக, சவ்வுப் பையில் துகளைக் கட்டி, ரத்தத்துக்குச் சமமான பி.எச். 7.4 உள்ள கரைசலில் தொங்கவிட்டு, மணிக்கு மணி வெளியே வந்த மருந்தை அளப்பார்கள். கல்லீரல் கிடையாது, குப்ஃபர் செல் கிடையாது, ஓடும் ரத்தம் கிடையாது. அங்கிருந்து ஒரு நோயாளியின் கை நரம்புவரை உள்ள தூரம் பத்துப் பதினைந்து ஆண்டு, பல கோடி ரூபாய். இதைக் குறையாகச் சொல்லவில்லை. உலகில் எல்லா நானோ மருந்தும் இங்கேதான் தொடங்கியது. ஆனால் சேலத்தில் கிழங்கிலிருந்து புற்றுநோய் மருந்து கண்டுபிடிப்பு என்று வாட்ஸ்அப்பில் ஓடவிடுகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

அதைவிட ஆபத்தான ஒரு வதந்தியும் உண்டு. மரவள்ளியிலுள்ள சயனைடு புற்றைக் கொல்லும், கிழங்கைப் பச்சையாகத் தின்றால் போதும் என்பது. கிழங்கில் லினமரின் என்ற பொருள் இருப்பது உண்மை. செல் உடையும்போது லினமரேஸ் நொதி அதைப் பிரித்து, அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். அது புற்றுச் செல், நல்ல செல் என்று பார்க்காது. இதே குடும்பக் கதையான லேட்ரைலை, பாதாம் வகைக் கொட்டைகளின் சயனைடுப் பொருளிலிருந்து வந்த மருந்தை, 1982-ல் சார்ல்ஸ் மொர்ட்டல் தலைமையிலான குழு 178 நோயாளிகளில் சோதித்தது. பயனில்லை, சிலருக்கு ரத்தத்தில் சயனைடு ஏறியதுதான் மிச்சம். 1990-களின் இறுதியில் மட்ரிட் நகர ஆய்வாளர்கள் எலிகளின் மூளைக்கட்டிக்குள் லினமரேஸ் மரபணுவை மட்டும் நுழைத்து, பிறகு லினமரினைக் கொடுத்து, கட்டிக்குள்ளேயே சயனைடு உண்டாகச் செய்து பார்த்தார்கள். எலியில் கட்டி அழிந்தது. மனிதக் கட்டியின் செல்களுக்குள் அந்த மரபணுவைக் கொண்டுசேர்க்கும் வழிதான் கைகூடவில்லை. விஷம் கிழங்கிலேயே இருக்கிறது, சுமந்துபோகும் வண்டிக்குத்தான் பஞ்சம்.

மரவள்ளி மாவுக்கு நானோ மருந்தில் உள்ள இடம் வேறு இரண்டு வழிகளில் வரக்கூடும். முதல் வழி சுற்றுவழி. மாவைச் சர்க்கரையாக்கி, நுண்ணுயிர்களால் புளிக்கவைத்து லாக்டிக் அமிலம் எடுத்து, அதைக் கோர்த்தால் பாலிலாக்டிக் அமிலம். ஜெனெக்சால் மைசெல்லின் பாதி அதுதான். இன்று உலகில் அதைப் பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்தும் கரும்பிலிருந்தும் செய்கிறார்கள். நாமக்கல்லில் மக்காச்சோளம் கோழித் தீவனத்துக்குப் போகிறது. குச்சிக்கிழங்கிலிருந்தும் செய்ய முடியும், தடை வேதியியலில் இல்லை, விலையில்தான்.

இரண்டாவது வழி நேர்வழி, எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம். ஐரோப்பாவில் கல்லீரல் கட்டிகளுக்குக் கரையும் மாவுச்சத்து மணிகளைப் பயன்படுத்துகிறார்கள். குறுக்கிணைப்பு போட்ட ஸ்டார்ச்சால் ஆன, சுமார் 50 மைக்ரான் மணிகள். நானோவைவிட ஐந்நூறு மடங்கு பெரியவை. மருத்துவர் தொடையின் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கல்லீரல் தமனியில் கட்டிக்கு ரத்தம் கொடுக்கும் கிளைவரை கொண்டுபோய், மணிகளையும் கீமோ மருந்தையும் சேர்த்து அங்கேயே விடுகிறார். மணிகள் குழாயை அடைக்கின்றன, மருந்து கட்டிக்குள் தேங்குகிறது. ஏறத்தாழ அரை மணி நேரத்தில் அமைலேஸ் அந்த மணிகளில் பாதியைக் கரைத்துவிடும், ரத்த ஓட்டம் திரும்பும், அடுத்த முறைக்குக் குழாய் மிச்சமிருக்கும். முகவரிப் பிரச்சினையே இல்லை, ஓட்டுகிறவர் மருத்துவர். நானோ ஆய்வில் மாவுச்சத்தின் பெரிய குறையாகச் சொல்லப்படும் சீக்கிரம் கரைதல், இங்கே அதன் தகுதியாகிவிடுகிறது.

இதற்கு வேண்டிய மாவு சேகோ ஆலை மாவு அல்ல. கிழங்கு எந்த மாதத்தில் பிடுங்கியது, முள்ளுவாடியா வேறு ரகமா, மழை எவ்வளவு என்பதைப் பொறுத்து மாவுத் துணுக்கின் அளவும் அமைலோஸ் விகிதமும் மாறும். ஜவ்வரிசிக்கு அது பெரிய விஷயமில்லை, ஊசிமருந்துக்குப் பெரிய விஷயம். வெண்மைக்காக ரசாயனம் சேர்ப்பதாக உணவுப் பாதுகாப்புத் துறை அவ்வப்போது ஆலைகளில் சோதனை நடத்தும் ஒரு தொழிலில், பாக்டீரியாவின் செல்சுவர் எச்சம்கூட மிக நுண்ணிய அளவைத் தாண்டக் கூடாது என்ற விதிக்குள் மாவு எடுப்பது தனி ஏற்பாடு. ஒரே ரகம், ஒரே தோட்டம், ஒரே பருவம் என்று கிழங்கைப் பிரித்து வாங்க வேண்டும். விலை பேசும்போது ஸ்டார்ச் பாயிண்டோடு அமைலோஸ் விகிதத்தையும் அளக்க வேண்டும். அந்த முதல் வேலையைச் செய்யத் தேவையான ரகங்களும் நிலமும் ஏத்தாப்பூரில் இருக்கின்றன, வேதியியல் கருவிகள் பெரியார் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம்.